ஒரே கணக்கு, ஐம்பது நிமிடம்

அடுத்தடுத்து இரண்டு பேருக்கு நிலம். நடுவில் உள்ள வரப்பு நேராக இல்லை. ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடங்கிக் கிடக்கிறது. அதை நேராக்க வேண்டும். ஆனால் இருவர் பங்கிலும் ஒரு சாண் நிலம்கூடக் கூடவோ குறையவோ கூடாது. கோட்டை எங்கே போடுவது?

நம் பக்கம் இது சர்வேயரையும் ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிடுகிற விஷயம். ஜப்பானில் ஓர் ஆசிரியர் இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வைத்தார். நிலத்துக்கு ஆளுக்கொரு சொந்தக்காரர் பெயரும் வைத்தார். கோடு உத்தேசமாக எங்கே வரும் என்று முதலில் கேட்டார். பிறகு, மூன்று நிமிடம் தனியாக யோசியுங்கள் என்று விட்டுவிட்டார். முட்டி நிற்பவர்கள் எடுத்துப் பார்க்கக் குறிப்பு அட்டைகளும் தயாராக இருந்தன. 1990களின் நடுவில் வீடியோவில் பதிவான அந்தப் பாடத்தைப் பல நாட்டுக் கணித ஆசிரியர்கள் இன்றும் போட்டுப் பார்த்து விவாதிக்கிறார்கள்.

விடை தெரிந்துவிட்டால் எளிது. மடங்கிய வரப்பின் இரண்டு முனைகளும் அ, இ. மடங்கும் இடம் ஆ. அ-வையும் இ-யையும் நேராக இணைத்தால் நடுவில் அ ஆ இ என்று ஒரு முக்கோணம் கிடைக்கும். இப்போது ஆ வழியாக, அ–இ கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். இ இருக்கிற ஓரத்தை அது தொடும் இடத்துக்கு ஈ என்று பெயர் வையுங்கள். அ ஆ இ முக்கோணத்துக்கும் அ ஈ இ முக்கோணத்துக்கும் அடிப்பக்கம் ஒன்று, உயரமும் ஒன்று. ஆகவே பரப்பும் ஒன்று. பழைய வரப்பை வெட்டிவிட்டு அ-விலிருந்து ஈ-க்கு நேராக வரப்பு போட்டால் தகராறு தீர்ந்தது. மறுபக்க ஓரத்தில் தொடவிட்டு இ-யிலிருந்து போட்டாலும் சரிதான். விடை இரண்டு.

இதற்குத் தேவையான ஒரே செய்தி, இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே ஒரே அடிப்பக்கத்தில் நிற்கும் முக்கோணங்களின் பரப்பு சமம் என்பது. அதை முந்தைய பாடவேளையிலேயே படித்துவிட்டார்கள். அன்றைக்குப் புதிய சூத்திரம் எதுவும் இல்லை. கையில் இருக்கிற ஒன்றை, அது இருக்கிறதே தெரியாத ஓர் இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மடங்கிய வரப்பில் முக்கோணமும் இல்லை, இணைகோடும் இல்லை. இரண்டையும் மாணவனே கொண்டுவர வேண்டும். அது முடிந்ததும் ஆசிரியர் அடுத்ததைக் கேட்டார்: ஒரு நாற்கரத்தைப் பரப்பு மாறாமல் முக்கோணமாக்க முடியுமா? முடியும், அதே உத்திதான். எத்தனை விதமாக? மூலைவிட்டம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நகர்த்தத்தக்க முனை இரண்டு, ஒவ்வொரு முனையையும் நகர்த்த திசை இரண்டு. மொத்தம் எட்டு.

டிம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சர்வதேசக் கணித, அறிவியல் ஆய்வு 1995-இல் நடந்தபோது, அதோடு சேர்த்து எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோவும் எடுத்தார்கள். ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81, ஆக 231 வகுப்புகள். கலிபோர்னியாவின் ஜேம்ஸ் ஸ்டிக்லர் தலைமையிலான குழு அவற்றை நிமிடக் கணக்கில் அலசியது. பிள்ளைகள் தம் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் நேரத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அமெரிக்காவில் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 96 சதவீதம், சொல்லிக்கொடுத்த வழிமுறையை அப்படியே திரும்பச் செய்வதில் போனது. ஜெர்மனியில் 89. ஜப்பானில் 41. புதிதாக வழி தேடுவது, யோசிப்பது என்று வகைப்படுத்திய நேரம் ஜப்பானில் 44 சதவீதம். அமெரிக்காவில் ஒரு சதவீதம்கூட இல்லை. நிரூபணம் இடம்பெற்ற பாடங்கள் ஜப்பானில் பாதிக்குச் சற்று மேல்; அமெரிக்கப் பதிவுகளில் ஒன்றுமே இல்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் வெளிநாட்டார் பலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜப்பானிய ஆசிரியர் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை, கடினமான புதிரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கிறார்கள் என்று. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் சீகல் அந்த வரப்புப் பாடத்தையே மறுபடி பார்த்துவிட்டு, அப்படியெல்லாம் இல்லை என்று வாதிட்டார். முந்தைய பாடத்தை நினைவூட்டியது, உத்தேசம் கேட்டது, நடந்துகொண்டே தனித்தனியாகக் காதில் போட்ட குறிப்புகள், கடைசியில் தானே நின்று விளக்கியது என்று ஆசிரியரின் கை எல்லா இடத்திலும் இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தப் பாடத்தில் ஆசிரியர் பேசாமல் இருக்கும் நிமிடங்கள்கூட அவர் திட்டமிட்டு வைத்தவை.

சரி, அந்தத் திட்டம் எப்படிப்பட்டது?

ஜப்பானில் ஏழாவது முதல் ஒன்பதாவது வரை, அதாவது 12 முதல் 15 வயது வரை, சூகக்கோ என்கிற நடுப்பள்ளி. ஒரு பாடவேளை 50 நிமிடம். பள்ளிக் கணிதத்தின் பெரிய திருப்பங்களெல்லாம் இந்த மூன்று வருடங்களில்தான் வருகின்றன. ஏழாவதில் குறை எண்கள், எண்ணுக்குப் பதில் எழுத்து, சமன்பாடு. எட்டாவதில் ஒருங்கமை சமன்பாடு, சர்வசமம், நிரூபணம். ஒன்பதாவதில் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு, பித்தாகரஸ். தொடக்கப்பள்ளியில் 'எவ்வளவு' என்று கேட்ட பாடம் இங்கே 'எப்போதுமா' என்று கேட்க ஆரம்பிக்கிறது. கணக்கில் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று சறுக்குவதும் இந்த வயதில்தான். உலகம் பூராவும் அப்படித்தான்.

பாடவேளைக்கு அவர்களிடம் ஒரு வடிவம் இருக்கிறது, உறுப்புகளுக்குப் பெயரும் இருக்கிறது. ஹத்சுமோன் என்பது யோசனையைத் தூண்டும் அந்த ஒரு கேள்வி. அதைக் கேட்டபின் பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடப்பது கிகான் ஷிதோ. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குப் பரீட்சைக் கண்காணிப்பு மாதிரி தெரியும். ஆனால் ஆசிரியர் கையில் வகுப்பின் இருக்கைப் படம் இருக்கும். யார் எந்த வழியில் போகிறார், யார் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அதில் குறித்துக்கொண்டே வருவார். அடுத்த கட்டத்தில் யாரை, எந்த வரிசையில் பலகைக்குக் கூப்பிடுவது என்பது அந்தத் தாளில்தான் முடிவாகிறது. பெரும்பாலும் கரடுமுரடான வழியில் தொடங்கி, நறுக்கென்ற வழியில் முடியும்படி வைப்பார்கள்.

அப்புறம்தான் நெரியாகே. பிசைந்து பதத்துக்குக் கொண்டுவருவது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். களிமண்ணையும் மாவையும் பிசைகிற அதே பிசைதல். பலகையில் நிற்கும் நான்கைந்து வழிகளை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒப்பிடுகிறது. எது எதோடு ஒத்துப்போகிறது, எது எந்த இடத்தில் உடைகிறது, எது வேறு கணக்குக்கும் நகரும்? பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலரும் சறுக்குவதும் இங்கேதான். ஜப்பானில் ஆசிரியராக இருந்து, பிறகு சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்துக்குப் போன அகிஹிகோ தகஹாஷி இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். நான்கு பேரை வரவழைத்து, நான்கு வழியையும் காட்டச் சொல்லி, நான்கு முறை கைதட்டி முடித்துக்கொள்வது நெரியாகே ஆகாது, பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

பன்ஷோ என்கிற பலகை எழுத்தையும் சொல்லிவிட வேண்டும். பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதில்லை. இடது ஓரத்தில் கேள்வி, நடுவில் பிள்ளைகளின் வழிகள், தவறானதும் உட்பட, வலது ஓரத்தில் கடைசியில் எட்டிய முடிவு. தாமதமாக உள்ளே வந்தவர்கூடப் பலகையை இடமிருந்து வலமாகப் படித்தால் அன்றைய யோசனை வந்த பாதை தெரிந்துவிடும். நான் படித்த பள்ளியில் டஸ்டர் ஓய்ந்த நேரமே கிடையாது. இரண்டாவது வரியை எழுதுவதற்குள் முதல் வரி சுண்ணாம்புத் தூளாகிவிடும். ஒப்பிடுவதற்குப் பலகையில் இரண்டு பொருள் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லை.

இனி ஒரு கணக்கை எடுத்துப் பிசைந்து பார்க்கலாம். தீக்குச்சிகளை ஒட்டி ஒட்டிச் சதுரங்களை வரிசையாக அடுக்குகிறோம். அடுத்தடுத்த சதுரங்களுக்கு நடுக்குச்சி பொது. ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. சதுரங்களின் எண்ணிக்கை ச என்றால் குச்சிகள் எத்தனை? ஜப்பானிய ஏழாம் வகுப்பில் எழுத்துக் கோவை அறிமுகமாகும் இடத்தில் இந்தக் கணக்கு வராத பாடப்புத்தகம் அபூர்வம். நமக்கும் புதிதல்ல; என்சிஇஆர்டியின் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலும் இயற்கணிதம் பல காலம் தீக்குச்சி அமைப்புகளில்தான் தொடங்கியது. கணக்கு ஒன்றுதான், அதை வைத்து வகுப்பில் என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நாம் பொதுவாகச் செய்வது: அட்டவணை போடு, மூன்று மூன்றாகக் கூடுகிறது பார், ஆகவே 3ச + 1, அடுத்த கணக்கு. ஐந்து நிமிடம். ஜப்பானிய ஆசிரியர் 3ச + 1 என்ற விடையை அவசரப்பட்டு விரும்புவதில்லை. அவருக்கு வேண்டியது அதற்கு முந்தைய வடிவங்கள். ஒரு பிள்ளை முதலில் ஒரே ஒரு குச்சியை நட்டுவைத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று சேர்க்கும்: 1 + 3ச. இன்னொன்று முதல் சதுரத்தை முழுதாக வைத்துவிட்டு மீதிக்கு மூன்று மூன்றாகப் போடும்: 4 + 3(ச − 1). மூன்றாவது, எல்லாச் சதுரத்துக்கும் நான்கு என்று தாராளமாக எண்ணிவிட்டு, இரண்டு முறை எண்ணிய நடுக்குச்சிகளைக் கழிக்கும்: 4ச − (ச − 1). நான்காவது, படுத்திருக்கும் குச்சிகளையும் நிற்கும் குச்சிகளையும் பிரித்துப் பார்க்கும்: மேலும் கீழுமாக 2ச, நிற்பவை ச + 1.

நான்கும் சுருக்கினால் ஒன்றுதான். ஆனால் சுருக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் ஒரு பார்வையின் தடயம். இங்கே ஆசிரியர் கேட்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கோவையை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, எழுதியவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்பார்: "இதை எழுதியவர் படத்தை எப்படிப் பார்த்திருப்பார்? வந்து வட்டமிட்டுக் காட்டுங்கள்." படத்திலிருந்து கோவைக்குப் போவதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். கோவையிலிருந்து படத்துக்குத் திரும்பி வருவது வேறு வேலை. அடுத்தவர் மனதில் ஓடியதைக் குறியீட்டிலிருந்து வாசிக்கிற வேலை அது. 4ச − (ச − 1) என்பதில் அடைப்புக்குறி எதற்கு, கழித்தல் குறி எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு இனி விதி சொல்லித் தர வேண்டியதில்லை. அதோடு, அடைப்பை நீக்கினால் எல்லாம் 3ச + 1 ஆகிவிடுகிறது என்று காணும்போது, சுருக்குவது என்றால் என்ன என்பதும் புரிகிறது. வெவ்வேறு பார்வைகள் ஒரே எண்ணைத்தான் தருகின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து நிரூபணம். ஒரு நாள்காட்டியில் அடுத்தடுத்த மூன்று தேதிகளைக் கூட்டினால் எப்போதும் மூன்றால் வகுபடும். 7, 8, 9 கூட்டினால் 24. 20, 21, 22 கூட்டினால் 63. எட்டாம் வகுப்பில் இதை எழுத்தால் விளக்கச் சொல்கிறார்கள். முதல் எண் எ என்றால் கூட்டுத்தொகை 3எ + 3, அதாவது 3(எ + 1). ஆகவே மூன்றின் மடங்கு. நம் விடைத்தாளில் இந்த இடத்தில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவோம்.

அங்கே அடிக்கோட்டுக்குப் பிறகும் வேலை இருக்கிறது. 3(எ + 1) இன்னும் ஏதாவது சொல்கிறதா? சொல்கிறது: எ + 1 என்பது நடு எண், ஆகவே கூட்டுத்தொகை நடு எண்ணின் மூன்று மடங்கு. நிரூபிக்கப் போனது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது. அப்படியானால் நடு எண்ணையே எ என்று வைத்திருந்தால் என்ன? மூன்று எண்களும் எ − 1, எ, எ + 1 ஆகும். கூட்டினால் நேராக 3எ. எழுத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு முடிவுதான் என்று பிள்ளைக்கு முதல்முறை உறைக்கும் இடம் இது. பிறகு ஐந்து எண்கள் என்றால்? நடு எண்ணின் ஐந்து மடங்கு. நான்கு என்றால்? 4எ + 6. நான்கின் மடங்காக வராது, வரவே முடியாது. ஏன் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடந்தது நான்குக்கு நடக்கவில்லை? நான்குக்கு நடு எண் இல்லை. சரி, அடுத்தடுத்த ஒற்றை எண்களாக எடுத்தால்? இப்படி நிபந்தனையை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பதைத்தான் அவர்கள் கணக்கை வளர்த்துப் பார்ப்பது என்கிறார்கள். இதற்காகப் புதிய அத்தியாயம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 'சிந்தனைத் திறன்' என்று தனிப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் புதிர் போடச் சொல்கிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வழக்கமான கணிதம் வந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது.

விடையே ஒன்றுக்கு மேல் இருக்கிற கணக்குகளையும் ஜப்பானியர்கள் முயன்றிருக்கிறார்கள். ஷிகெரு ஷிமாதாவும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1970களில் இதற்கென்று வகுப்பறைச் சோதனைகள் நடத்தி, 1977-இல் நூலாக்கினார்கள். அவர்களுடைய கோலிக்குண்டுக் கணக்கு புகழ்பெற்றது. மூன்று பேர் ஆளுக்கு ஐந்து கோலிகளை வீசுகிறார்கள். யாருடைய கோலிகள் குறைவாகச் சிதறியிருக்கின்றனவோ அவர் வென்றார். படத்தைப் பார்த்தால் கண்ணுக்கு ஓரளவு தெரிகிறது. ஆனால் 'சிதறல்' என்பதை எண்ணாக எப்படிச் சொல்வது? எத்தனை விதமாகச் சொல்லலாம்?

ஓரத்துக் கோலிகளை இணைத்துப் பலகோணம் வரைந்து அதன் பரப்பை எடுக்கலாம் என்று ஒரு மாணவி சொல்வாள். கோலிகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் கிடந்தால்? பரப்பு பூஜ்யம், மைதானத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகக் கிடந்தாலும் சிதறலே இல்லை என்றாகிவிடும். சரி, சுற்றளவை எடுப்போம். உள்ளே இருக்கும் கோலி எங்கே நகர்ந்தாலும் சுற்றளவு மாறாதே? அப்படியானால் மிக எட்ட இருக்கும் இரண்டு கோலிகளின் தூரம். மற்ற மூன்றும் எங்கே இருக்கின்றன என்று அது பார்ப்பதில்லை. எல்லா ஜோடித் தூரங்களையும் கூட்டலாம். சரியாக வரும், ஆனால் பத்து முறை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடும் மிகச் சிறிய வட்டத்தின் ஆரத்தை எடுக்கலாம்; அழகாக இருக்கிறது, ஆனால் அந்த வட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு யோசனையையும் ஓர் எதிர் உதாரணம் அடிக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து அடுத்த யோசனை முளைக்கிறது. புள்ளியியலில் பின்னால் வரப்போகும் வீச்சு, விலக்கம் எல்லாவற்றுக்கும் விதை இங்கே விழுகிறது. வரையறை என்பது வானத்திலிருந்து இறங்கியதல்ல, யாரோ பல வழிகளைத் தள்ளிவிட்டுத் தேர்ந்தெடுத்தது என்பதைப் பதிமூன்று வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமா?

இப்படியெல்லாம் நடத்த ஆசிரியர் பெரிய மேதையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கே அதை மேதைமையிடம் விட்டுவைக்கவில்லை. ஒரு தாளில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு பாடவேளைக்கு ஜப்பானிய ஆசிரியர் எழுதும் திட்டத் தாள் ஓர் அட்டவணை. ஒரு பத்தியில் கற்றல் செயல், ஒரு பத்தியில் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை. நடுவில் ஒரு பத்தி: மாணவர்களிடமிருந்து எதிர்பார்க்கும் பதில்கள். பாடத்துக்கு முன்பே, இந்தக் கேள்விக்கு என் வகுப்பு என்னென்ன சொல்லும், என்னென்ன தப்பாகச் சொல்லும், அதற்கு நான் என்ன செய்வேன் என்று எழுதிவைக்க வேண்டும். மேலே நான்கு தீக்குச்சிக் கோவைகளைப் பார்த்தோமே, ஆசிரியருக்கு அவை வகுப்பில் திடீரென்று கிடைத்தவை அல்ல. அந்தப் பத்தியில் முன்பே இருந்தவை.

அந்தத் தாளை ஒருவர் தனியாக எழுதுவதும் இல்லை. ஜுக்யோ கென்க்யூ, அதாவது பாட ஆய்வு என்கிற வழக்கம் அங்கே மெய்ஜி காலத்திலிருந்து, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, வருகிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைப் பல வாரம் தயாரிப்பார்கள். எண்களில் எதை வைப்பது என்பதுகூட விவாதமாகும். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். நடத்தியவரின் குரலோ நடையோ பேச்சில் வராது. எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை என்ன எழுதியது என்பதுதான் வரும். அடுத்தவர் வகுப்புக்குள் நுழைவது என்றாலே 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இதுவரை படித்துவிட்டு ஜப்பானை ஒரு சொர்க்கமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மனப்பாடமும் போட்டியும் பிள்ளைகளை நசுக்குகின்றன என்ற குறை அங்கேயும் நெடுங்காலமாக உண்டு. அதற்கு மருந்தாக யுதோரி, அதாவது ஆசுவாசமான கல்வி, என்று ஒன்று வந்தது. 1998-இல் திருத்தி 2002-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் பாடப்பொருளில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வெட்டினார்கள். சனிக்கிழமை பள்ளியும் போனது. சுமை குறைந்தால் யோசிக்க இடம் கிடைக்கும் என்பது கணக்கு. பதினைந்து வயது மாணவர்களுக்கான பிசா என்கிற சர்வதேசத் தேர்வில் 2000-ஆம் ஆண்டு 557 மதிப்பெண்ணோடு கணிதத்தில் முதலிடத்தில் இருந்த ஜப்பான், 2003-இல் 534 எடுத்து ஆறாவதாக வந்தது. நாடே பதறியது. 2003-இல் தேர்வு எழுதிய பிள்ளைகள் புதிய பாடத்திட்டத்தில் படித்தது கொஞ்ச காலம்தான், பழியை எல்லாம் அதன் தலையில் போட முடியாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள், கேட்பார் குறைவு. 2008 திருத்தத்தில் பாடவேளைகள் திரும்பி வந்தன. நடுப்பள்ளி மூன்று வருடத்துக்கும் சேர்த்து 315 ஆக இருந்த கணிதப் பாடவேளை 385 ஆனது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் நடந்த இன்னொன்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 2007-இல் ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தேசிய அளவிலான தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதில் ஏ, பி என்று இரண்டு தாள். ஏ தாள் அடிப்படை அறிவுக்கு. பி தாள் பயன்படுத்தவும் விளக்கவும். காரணத்தை வாக்கியமாக எழுதச் சொல்லும் கேள்விகள் அதில் வந்தன. நாடு முழுக்க இப்படிக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் பள்ளிகள் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். 2019-இலிருந்து இரண்டு தாளும் ஒன்றாகிவிட்டது. 2021-இல் நடுப்பள்ளிகளில் அமலான இப்போதைய பாடத்திட்டம் 'கணிதப் பார்வையும் யோசனை முறையும்' என்பதைப் பாடத்தின் குறிக்கோளிலேயே எழுதிவைத்திருக்கிறது. 2022 பிசா கணிதத்தில் ஜப்பான் 536. அந்தத் தேர்வை நடத்தும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி-யின் நாடுகளுடைய சராசரி 472.

மறுபக்கமும் உண்டு. நடுப்பள்ளி முடிந்ததும் மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. பதினைந்து வயதில் அது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. மாலையில் ஜுக்கு என்கிற டியூஷன் மையங்களில், பகலில் வகுப்பு செய்யாத பயிற்சியெல்லாம் நடக்கிறது. வகுப்பில் ஒரு கணக்குக்கு 50 நிமிடம் கொடுக்க முடிவதற்கு ஜுக்குவும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் நியாயமானது. டிம்ஸ் கேள்வித்தாள்களில் கணிதம் பிடிக்கும் என்று சொல்லும் ஜப்பானிய மாணவர்களின் பங்கு உலக சராசரியைவிடக் குறைவாகவே இருந்துவருகிறது. நன்றாக யோசிக்கத் தெரிவதும் அதை விரும்புவதும் ஒன்றல்ல போலும்.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. ஒரு நாள் தீக்குச்சிக் கணக்கை அவர்களிடம் போட்டேன். எதிர்பார்க்கும் பதில்கள் என்கிற அந்தப் பத்தியை எழுதிக்கொள்ளாமல்தான் போனேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஏழாவது படிக்கும் பெண் 4ச − ச என்று எழுதியிருந்தாள். தப்பு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் சரியாகப் போட்ட பையனைப் பலகைக்குக் கூப்பிட்டேன். அவன் எழுதினான், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், முடிந்தது. ஐந்தே நிமிடம்.

இரவில்தான் உறைத்தது. அவள் யோசனை கிட்டத்தட்ட முழுசு. எல்லாச் சதுரத்துக்கும் நான்கு என்று எண்ணி, ஒட்டுகிற இடங்களில் அதிகமாக எண்ணியதைக் கழித்திருக்கிறாள். ஒட்டுகிற இடங்கள் சதுரங்களைவிட ஒன்று குறைவு என்பதை மட்டும் விட்டுவிட்டாள். கையில் ஐந்து விரல், நடுவில் நான்கு இடைவெளி, அதே விஷயம். அந்த ஒரு 'ஒன்று'தான் அன்றைய பாடமாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் 4ச − ச என்று நானே பலகையில் பெரிதாக எழுதினேன், யாருடையது என்று சொல்லாமல். "இதில் முதல் சதுரத்தை மட்டும் வைத்துப் பாருங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒருவன் தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளைத் தரையில் வைத்தான்.

"சார், ஒரு சதுரத்துக்கு மூணு குச்சிதான் வருது" என்றாள் அவளே. "அப்போ ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒட்டுற இடமே இல்லையே... இருங்க சார், இருங்க, சொல்லாதீங்க."